தக்காளிப் பூவும் பாக்கியம் அக்காவின் சேவலும்

பிரேமா, தினேஷ், இந்த வாரத்து அத்தியாயத்தை முதலில் நீங்கள் இருவரும் தனியாகப் படித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா என்று பிறகு யோசியுங்கள். தாத்தா நல்லவர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கெட வேண்டாம்.

உங்கள் அம்மா படித்துவிட்டால் என்ன ஆகும் என்று கவலைப்படாதீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். மேலும் அவள் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரைத் தொடுவதே இல்லை. "வீட்டுல கேக்குறது போதாதுன்னு காசு குடுத்து வேற படிக்கணுமா?" என்கிறாள்.

போன வருடம், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாதம். அப்போதுதான் விடிந்திருந்தது. திகாம் பத்து ஊரில் நம் வீட்டின் பின்கொல்லையில் பனியனும் கைலியுமாக நான் குந்தியிருக்கிறேன். முன்னால் பன்னிரண்டு தக்காளிச் செடிகள். கிளைக்குக் கிளை மஞ்சள் பூக்கள் தலை கவிழ்ந்து தொங்குகின்றன.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பைப் பிடித்து, அரைச் சுற்றுத் திருகி, ஒவ்வொரு பூவாக உடைக்கிறேன். ஒன்று விடவில்லை. உள்ளே உங்கள் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

திருடன் மாதிரி இருக்கிறதா? எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நான் அவளுக்கு உதவி செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவின் மூன்றாவது முயற்சி

நீங்கள் இருவரும் வேலை, குடும்பம் என்று வெளியூர் போன பிறகுதான் அம்மாவுக்குத் தக்காளி ஆசை வந்தது. நம் ஊர் வெயிலில் தக்காளி வராது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால்தான் அவள் ஆரம்பித்தாள்.

முதல் வருடம் நேராக மண்ணில் வைத்தாள். காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் சுடுதண்ணீர் ஊற்றியது போலத் துவண்டு கிடந்தது. ஒன்று போனது, பக்கத்தில் இருந்தது போனது, ஒரே வாரத்தில் வரிசை முழுக்கப் போனது. மண்ணிலேயே அந்த நோய் இருக்கிறதாம்.

இரண்டாவது வருடம் கறுப்புப் பைகளில் வைத்தாள். நன்றாகத்தான் வந்தது. நான்தான் அன்பு மிகுதியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக்குப் போடும் உரத்தை ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டேன். நாலே நாளில் இலையெல்லாம் அப்பளம்.

அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். "இது என் கொல்ல. ஒங்க மண்டோர் வேலையெல்லாம் தோட்டத்தோட முடிஞ்சிச்சி. இங்க கை வைக்காதீங்க."

மூன்றாவது வருடம் அவள் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் விதையாகத் தேடி வாங்கினாள். முட்டை அட்டையில் முளைக்க வைத்தாள். மழைத்தண்ணீர் இலையில் படக்கூடாது என்று மேலே வெள்ளை பிளாஸ்டிக் கூரை. செடிக்கு ஒரு மூங்கில் குச்சி. அதோடு சேர்த்துக் கட்ட என் பழைய பனியனைக் கிழித்த நாடா. தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் தூரில் மட்டும். அடியில் இருக்கும் இலைகளைக் கத்தரித்தாள். கிளைக்கும் தண்டுக்கும் நடுவில் முளைக்கிற குட்டிக் கிளைகளை விரலால் கிள்ளிப் போட்டாள்.

எல்லாம் கைப்பேசியைப் பார்த்துக் கற்றது. தமிழ்நாட்டு அம்மா ஒருத்தி, மக்சிக் என்கிற மலாய்க்கார அத்தை ஒருத்தி, இருவருக்கும் சண்டை வந்தால் உங்கள் அம்மா தீர்ப்பு.

அவள் கிள்ளுவதை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். கிள்ளினால் செடிக்கு நல்லது என்று அவளே சொல்கிறாள். அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

எனக்குத் தெரிந்த ஒரே விவசாயம்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். சுங்கை லாலாங் பக்கம் தோட்டத்தில் செம்பனை மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பூ உடைக்கிற வேலையைப் பற்றி உங்களிடம் சொன்னதாக நினைவில்லை.

செம்பனைக் கன்று நட்டு ஒன்றரை வருடத்திலேயே பூத் தள்ளிவிடும். அதை அப்படியே விட்டால் கைப்பிடி அளவுக்கு ஒரு குலை வரும். ஆலைக்கு ஆகாது. மரத்தின் சக்தி மட்டும் வீணாகும். அதனால் மாதா மாதம் ஆள் விட்டு, இரும்புக் கொக்கியால் எல்லாப் பூவையும் இழுத்து உடைத்துவிடுவோம். மரம் பிள்ளை பெறுவதை விட்டுவிட்டு உடம்பைத் தேற்றும். பிறகு விடுகிற குலை இருக்கிறதே, இருவர் தூக்க வேண்டும்.

என் கீழே முப்பது பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். உடைத்த பூவை வரிசைக்கு நடுவில் குவித்து வைக்க வேண்டும். நான் வந்து பார்ப்பேன். குவியல் இல்லையென்றால் வேலை நடந்ததாகக் கணக்கில்லை. குவியல் கோணலாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது. அந்த நாட்களில் என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவர் பாக்கியம் அக்கா.

ஆமாம், நம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான். வயதில் எனக்கு மூத்தவர். தோட்டம் கைமாறியபோது அவரும் நாமும் ஒரே சமயத்தில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். இன்றைக்கும் என்னை மண்டோரே என்றுதான் கூப்பிடுவார். அத்தான் இறந்த பிறகு அந்த வீட்டில் அக்காவும் பதினாலு கோழிகளும் ஒரு சேவலும்தான்.

சேவலுக்குப் பெயர் துரை. எங்கள் பழைய மானேஜர் துரை போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி யோசித்துவிட்டு அடுத்த அடி வைக்கும். காலையில் அக்கா கோழிகளோடு பேசுவது நம் சமையல்கட்டு வரை கேட்கும். "என்னாடி செவப்பி, ராத்திரி தூங்கலயா? மூஞ்சியப் பாரு." ஒவ்வொன்றையும் விசாரித்த பிறகுதான் அவர் காப்பி குடிப்பார்.

ஒரே ஒரு இறகு

செடிகள் இடுப்பளவு வந்ததும் பூ வைத்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. இவ்வளவு சின்ன உடம்பில் அதற்குள் காயா? அம்மாவிடம் சொன்னால் சட்டம் பேசுவாள். சரி, சொல்லாமல் செய்வோம், தூர் பெருத்துக் காய்த்துக் குலுங்கும்போது சொல்லிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

பதினோரு காலைகள் உடைத்தேன். தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் பச்சையாக ஒரு கறை ஒட்டும். கூடவே ஒரு காட்டமான வாசம். அதைப் போக்கத் துணி சோப்புப் போட்டுக் கழுவுவேன். "என்னா, இப்பல்லாம் ரொம்ப சுத்தமாயிட்டீங்க" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஆனால் பூவைக் காணோம் என்றதும் அவள் சந்தோஷம் போய்விட்டது. முதலில் வெயிலைச் சந்தேகப்பட்டாள். சூடு அதிகமானால் பூ கொட்டும் என்று கைப்பேசி சொன்னதாம். கறுப்பு வலை வாங்கி நிழல் கட்டினாள். அடுத்த காலையிலும் பூ இல்லை. எறும்புக்குச் சாம்பல் தூவினாள். அப்போதும் இல்லை. சாயங்காலம் மொட்டுகளை எண்ணி வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். காலையில் வெறுங்காம்பைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம், தூர் பெருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் காலை, செடிக்கு அடியில் அவளுக்கு ஒரு இறகு கிடைத்தது. சிவப்பு இறகு. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நேரே கம்பி வேலிக்குப் போனாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா! ஒங்க கோழி எங்க கொல்லைக்கு வருதா?"

"ஏன் சரசு, என்னா ஆச்சி?"

"பூ ஒண்ணு தங்க மாட்டேங்குது. இந்தாங்க, எறகு."

"எறகு காத்துல வரும்லா. என் கோழி ஒன் வேலியத் தாண்டுனதே இல்ல."

"தொர தாண்டுவான். அன்னைக்கி இவரு மோட்டார் சைக்கிள் சீட்டுல ஏறி நிக்கிறான், ஓட்டப் போறவனாட்டம்."

"தொரய ஒண்ணும் சொல்லாத. அவன் நெல்லத் தவிர வேற எதையும் மோந்துகூட பாக்க மாட்டான்."

"அப்ப யாரு பூவத் தின்னது? நானா? இவரா?"

என்னை நோக்கிக் கையை நீட்டினாள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்குக் கிடைக்காது.

நான் தொடர்ந்து பல் விளக்கினேன்.

என் கையால் கட்டிய சிறை

பதினெட்டு வருடப் பழக்கம் அன்றோடு நின்றது. செவ்வாய்க்கிழமை பாசார் சந்தைக்கு இருவரும் அம்மாவின் பழைய காரில்தான் போவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கார் மட்டும் போனது. பத்து நிமிடம் கழித்து அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

மறுநாள் அக்கா என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டார். "மண்டோரே, வல வாங்கிட்டேன். கொஞ்சம் கட்டித் தாங்க. என் கோழியால ஒரு வீட்டுல மனஸ்தாபம் வேணாம்."

கட்டினேன். நாலு கம்பம் நட்டு, வலையை இழுத்து, கம்பியால் முடிச்சுப் போட்டேன். பிரேமா, நீ சின்ன வயதில் வகுப்பில் வேறு யாரோ செய்த தப்புக்கு முட்டி போட்டாயே, அப்போது நான் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டேன். அதே அப்பாதான் இந்த வலையைக் கட்டினேன். கடைசி முடிச்சுப் போடும்போது துரை உள்ளே ஒற்றைக்காலில் நின்று என்னையே பார்த்தான். வேர்வையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றோடு பூ உடைப்பதை நிறுத்திவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

நிறுத்தியதுதான் தப்பு. இல்லை, ஆரம்பித்ததுதான் தப்பு. ஆனால் நிறுத்தியது அதைவிடப் பெரிய தப்பாகப் போயிற்று.

ஏனென்றால் பூ செடியிலேயே தங்கியது. மஞ்சளாகப் பூத்து, வாடி, அந்த இடத்தில் பட்டாணி அளவு பச்சைக் காய் எட்டிப் பார்த்தது. அம்மா காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு பூங்கொத்தையும் விரலால் சுண்டிவிடுவாள், மகரந்தம் கொட்டட்டும் என்று. சுண்டிக்கொண்டே சொன்னாள்: "பாத்தீங்களா? கோழிய அடச்ச மறுநாளே பூ தங்கிருச்சி. நான் சொன்னா யாரு நம்புனா?"

ஒருவனைப் பிடித்து உள்ளே போட்ட பிறகு ஊரில் திருட்டே நடக்கவில்லை என்றால், அவன்தான் திருடன் என்று யாரும் சொல்வார்கள். கோழிகளுக்கு வக்கீலும் இல்லை.

அவள் வேலிக்குப் போய்க் காய்களைக் காட்டினாள். அக்கா நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கறி

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வாசல் வழியாக வந்தார். கையில் மூடிய பாத்திரம். மிளகும் சோம்பும் வறுத்த வாசம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது.

"சேவல் பெரட்டல் சரசு. சூடா இருக்கு, சாப்புடுங்க."

"எந்த சேவல் அக்கா?"

"எனக்கு இருந்தது ஒண்ணுதான். அவன்தான் மத்ததயும் இழுத்துக்கிட்டு வந்துருப்பான். அவன் போன எடத்துக்குத்தான் அதுங்களும் போவும்." பாத்திரத்தை மேசையில் வைத்தார். "மத்ததயும் சனிக்கெழம குடுத்துர்றேன். கோழி வாங்குறவன்கிட்ட சொல்லியாச்சி. எனக்கு கோழிய விட நீ பெருசுலா."

உங்கள் அம்மா அழுதுவிட்டாள். அக்காவும் அழுதார். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நான்தான் பேசிட்டேன், இல்ல நான்தான் பேசிட்டேன் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பேச வேண்டிய நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இலையில் தொடைக்கறி விழுந்தது. "ஆம்பளைக்கு வையி" என்று அக்கா சொன்னார். பல் வலிக்கிறது என்றேன். அப்படியானால் ஈரல் மெதுவாக இருக்கும் என்று அதையும் வைத்தார்கள். தின்றேன். ருசியாக வேறு இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். இனி நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் சுமுகம். பதினாலு கோழிகள் மட்டும் போகும். காலையில் அக்கா பேச ஆள் இருக்காது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்னை விடவில்லை.

திங்கட்கிழமை அம்மாவிடம் சொல்லப் போனேன். அவள் அக்காவின் நல்ல மனசைப் பற்றி அவள் தங்கையிடம் கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அக்காவிடமே போனேன். வாயெடுப்பதற்குள் ஒரு பை முட்டையைக் கையில் வைத்தார். "கடைசி முட்ட மண்டோரே. பேரப்புள்ளைங்க வந்தா குடுங்க." முட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் இரண்டு பக்கமும் கூடை கட்டிய மோட்டார். மீசை நரைத்த மலாய்க்காரர் ஒருவர் இறங்கினார். அக்கா வலைக்குள் போய்ச் சிவப்பியைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைத் தடவியபடியே நின்றார். கூடைப் பக்கம் போகவில்லை.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். "அக்கா, குடுக்காதீங்க! கோழி இல்ல. நான்தான்!"

"என்னா நீங்கதான்?"

"தக்காளிப் பூவு."

"நீங்களா தின்னீங்க?"

"திங்கல அக்கா. ஒடச்சேன்."

சத்தம் கேட்டு உங்கள் அம்மா வேலிக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கனிவாகப் பார்த்தாள். "என்னாங்க, அக்கா மேல எரக்கம் இருக்கட்டும். அதுக்காக இப்படியா பொய் சொல்றது?"

வாழ்க்கையில் ஒருமுறை உண்மை சொல்கிறேன், நம்ப ஆளில்லை. அக்காவையும் நம் கொல்லைக்கு வரச் சொல்லி, இருவரையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே பதினோரு குட்டிக் குவியல்கள். காய்ந்து பழுப்பாகிப்போன தக்காளிப் பூக்கள், நாளைக்கு ஒரு குவியலாக, நூல் பிடித்தது போல ஒரே வரிசையில். பழக்கம், என்ன செய்வது. குவித்து வைக்காவிட்டால் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

அக்கா குனிந்து பார்த்தார். கோழியை இடுப்பில் வைத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். "சரசு, இது மண்டோர் வேலதான்டி! எந்தக் கோழி இப்படி வரிசையா குமிச்சி வைக்கும்? குமி கோணலா இருக்குன்னு என்ன ஒரு தடவ மழையில திரும்ப நடக்க வச்ச ஆளு இவரு! அட பாவி மனுசா, செம்பனைக்கு ஒடைக்கிற மாதிரியா தக்காளிக்கு ஒடச்சீங்க?"

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப என் தொர?"

சிவப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா இருந்தான் மண்டோரே. ஒரு பூவக்கூட தொட்டதில்ல."

"மன்னிச்சிருங்க அக்கா" என்றேன். என் கீழே வேலை செய்த ஒருவரிடம் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாட்கள் நிறைய இருந்தன.

வாசலில் மோட்டார்க்காரருக்குப் பொறுமை போயிற்று. "ஜாடியா, தாக் ஜாடியா?" என்று குரல் கொடுத்தார், கொடுக்கிறீர்களா இல்லையா என்று.

"தாக் ஜாடிலா!" என்று அக்கா திருப்பிக் கத்தினார். பிறகு வாசலுக்கே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கதை முழுவதையும் மலாயில் அவருக்கு எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் சிரித்ததில் தலைக்கவசம் மூக்கு வரை இறங்கியது. ஊர் ஊராகக் கோழி வாங்குகிறவர். பாடாங் மேஹா வரைக்கும் இந்நேரம் என் புகழ் போயிருக்கும்.

தீர்ப்பு

உங்கள் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"செம்பன எத்தன வருசம் காய்க்கும்?"

"இருவத்தஞ்சு வருசம்."

"தக்காளி?"

நான் யோசித்தேன். "மூணு நாலு மாசம்."

"அப்பறம் அது எப்பங்க தூர் பெருத்து, எப்பங்க காய்க்கும்?"

முப்பது பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிவைக்கிறேன். அந்த வருடம் செடித்தண்டு ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன் இருந்தது. காற்றுக்கு அசையவில்லை. அது அம்மாவின் பிளாஸ்டிக் கூரையாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை.

அக்கா அன்றைக்கே வலையைப் பிரித்துவிட்டார். வேறு சேவல் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "இப்ப வேணாம்" என்று மட்டும் சொன்னார். என் மேல் கோபம் போயிற்றா என்று தெரியவில்லை. ஆனால் மண்டோரே என்றுதான் கூப்பிட்டார்.

காய்கள் பழுத்தன. முதல் பறிப்பில் பெரிய பங்கு அக்காவுக்குப் போனது. அடுத்தது பூஜை அறைக்கு. எனக்கென்று ஒரே ஒரு பழத்தைச் சமையல்மேசையில் வைத்துவிட்டு, "அது ஒங்க சம்பளம்" என்றாள் அம்மா. அது ஒரு செவ்வாய்க்கிழமை. இருவரும் காரில் ஏறிப் பாசாருக்குப் போனார்கள். கதவு சாத்தும் முன்பே இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் நான் மட்டும். பழத்தைக் கழுவினேன். வெயில் பட்ட பக்கம் இன்னும் சூடாக இருந்தது. வாயருகே கொண்டுபோய்விட்டு, சாப்பிடாமல் வேலிக்குப் போனேன். அந்தப் பக்கம் பதினாலு கோழிகளும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. குந்தி உட்கார்ந்து பழத்தைக் கட்டைவிரலால் பிளந்தேன். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. துண்டு துண்டாகப் பிய்த்து வேலிக்கு மேலாகப் போட்டேன்.

முதலில் பயந்து விலகின. சிவப்பி மட்டும் கழுத்தை நீட்டி ஒரு கொத்துக் கொத்தினாள். நின்றாள். இன்னொரு கொத்து. அவ்வளவுதான், பதினாலும் ஓடி வந்து விழுந்தன. தக்காளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதுவரை அவற்றுக்குத் தெரியாது.

கடைசி விதை வரைக்கும் தின்று முடித்துவிட்டு என் காலிக் கையைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தலையைச் சாய்த்து, வேலி வழியாக, எனக்குப் பின்னால் சிவந்து தொங்கிய செடிகளைப் பார்த்தன.